திரும்பி வந்த பட்டாளத்தார்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் சாலையில், மேற்கே பச்சைமலைத் தொடர் நெடுந்தூரம் துணையாக வர, பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரி நிலங்களின் நடுவே அமைந்திருக்கிறது வேப்பந்தட்டை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று அங்கே இருப்பதனால் விவசாயிகளுக்கு அவ்வூர் நன்கு பரிச்சயமானது. சரித்திரத்தில் நாட்டமுடையவர்களோ அந்தச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, வாலிகண்டபுரத்துச் சிவாலயத்தையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் காணச் செல்வார்கள். இந்தச் சிறிய வட்டாரத்துக்குள்ளேதான் 1751ஆம் ஆண்டில், கர்நாடக நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் நடத்திய வாரிசு யுத்தத்தின் ஒரு கட்டம் அரங்கேறியது.

சந்தா சாகிபின் சேனையும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளியை நோக்கி வந்தபோது, அவர்களை வழியிலேயே மறிக்கும் பொருட்டுக் கேப்டன் ஜின்ஜென்ஸ் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயக் கம்பெனி அனுப்பிய படை வாலிகண்டபுரத்தருகே எதிர்த்து நின்று, ஐரோப்பியச் சிப்பாய்களிடையே உண்டான பீதியினால் நிலைகுலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய ராபர்ட் கிளைவும் இருந்தார். அந்த யுத்தத்தை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம், தளபதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சிப்பாய்களோ அவருடைய ஏடுகளில் பெரும்பாலும் தொகையாகவே வந்துபோகிறார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1770இல், வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயை மூலதனமாக வைத்துக் கிளைவ் ஒரு நிதியை ஏற்படுத்தினார். அங்கஹீனமடைந்த படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உபகாரச் சம்பளம் அளிக்க ஏற்பட்ட அந்த நிதி, கம்பெனியின் ஐரோப்பியப் படையினருக்கு உரியதாக இருந்தது. வாலிகண்டபுரத்து வெயிலில் அவருடன் நடந்த தமிழ்ச் சிப்பாய் ஒருவன் நோயாளியாகவோ நொண்டியாகவோ வீடு திரும்பியிருந்தால், அவனைக் காப்பாற்றும் பொறுப்பு அவனுடைய குடும்பத்தையும் ஊரையுமே சேர்ந்தது.

யுத்தத்திலிருந்து உயிரோடு மீண்டு, முதுமை எய்தி, ஊருக்குள்ளே ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதனை அவனுடைய சமூகம் எவ்வாறு நினைவு வைத்துக்கொள்கிறது என்னும் கேள்வி இந்தப் பக்கத்துச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. போரில் மடிந்தவனைக் கொண்டாடுவதில் தமிழர்கள் பின்தங்கியவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வீரனுக்காக நடப்படும் கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, அதனை எடுத்துவந்து, நீராட்டி, நாட்டி, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக ஆறு படிகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையைத் தழுவியே சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் தன் காதைகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களும், செங்கம் பகுதியில் பெருந்தொகையாகக் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களும், அந்த இலக்கணம் ஏட்டோடு நின்றுவிட்டதன்று என்பதற்குச் சான்று பகர்கின்றன. மாண்ட வீரனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் கல்வெட்டுகளில் காணப்படுகிறது.

ஆனால் நடுகல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அருகிலேயே இருந்த மற்றொரு வழக்கத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய ஒரு பாட்டு, போரில் புண்பட்டு வந்து கிடக்கும் வீரன் ஒருவனுடைய வீட்டை நமக்குக் காட்டுகிறது. அந்த வீட்டில் இரவ மரத்தின் தழையோடு வேப்பந்தழையும் செருகப்படுகிறது, யாழும் பல இசைக் கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறு கடுகு தூவப்படுகிறது, குழல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுப்பப்படுகிறது. இவ்வளவும் அவன் உயிரைக் காப்பதற்காக. புண்பட்டவன் கிடக்கும் வீட்டைத் தீய சக்திகள் அண்டாமல் காப்பதற்கென்று அந்தக் காலத்து மக்கள் இச்சடங்கைச் செய்தார்கள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். நம்பிக்கை எதுவாயினும், அதன் பயனாக நிகழ்ந்த காரியம் ஒன்று உண்டு: அடிபட்டு மீண்ட வீரன் இரவில் தனியே விடப்படவில்லை; சுற்றத்தார் அவனைச் சூழ்ந்து விழித்திருந்தார்கள். நடுகல் பிற்காலத்தில் வேடியப்பனாகவும் வீரனாகவும் குலதெய்வமாகவும் உருமாறி இன்றளவும் வழிபாட்டில் நிலைத்திருக்க, இந்த விழிப்பும் காவலும் மாத்திரம் வழக்கொழிந்து போயின. நம்முடைய ஞாபகச் சடங்குகள் கல்லைக் காப்பாற்றிக்கொண்டு காவலைக் கைவிட்டன என்பதே என் அபிப்பிராயம்; பிற்காலத்துச் சரித்திரம் அதனை மீண்டும் மீண்டும் மெய்ப்பித்திருக்கிறது.

1758இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ், சென்னைச் சிப்பாய்க் கம்பெனிகளைப் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தினார். மதறாஸ் ரெஜிமென்ட் தன் வம்சாவளியை அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. கர்நாடகத்துப் போர்கள், மைசூர்ப் போர்கள், பர்மா, சீனம் என்று அடுத்த நூறாண்டுகளில் அந்தப் படை சென்ற இடங்கள் பல. மாண்ட சிப்பாய்களின் சிறுவர்களைப் பட்டாளத்தின் கணக்கிலேயே சேர்த்துச் சிறு சம்பளம் கொடுத்து வளர்க்கும் நல்வழக்கம் ஒன்று சென்னைப் படையில் இருந்தது. 1857க்குப் பிறகோ, வட இந்தியாவின் சில ஜாதியினரே யுத்தத்துக்குப் பிறந்தவர்கள் என்றும் தென்னாட்டார் அதற்கு உதவாதவர்கள் என்றும் ஒரு சித்தாந்தம் அதிகார வர்க்கத்தினரிடையே வேரூன்றியது. சென்னைப் படையின் தளபதியாக இருந்து பிற்காலத்தில் இந்தியச் சேனாதிபதியான ராபர்ட்ஸ் பிரபு அதற்குப் பெரிய வக்கீலாக விளங்கினார். அதன் விளைவாகச் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, முதல் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட பத்தாண்டுகளுக்குள்ளாகக் காலாட்படை முழுவதும் கலைக்கப்பட்டுவிட, பெங்களூரைத் தாயகமாகக் கொண்ட மதறாஸ் ஸாப்பர்கள் என்னும் பொறியியற்படையே தென்னாட்டாருக்குப் பெரும்பாலும் எஞ்சியது. கலைக்கப்பட்ட ஒரு பட்டாளத்தின் பழைய வீரனுடைய நிலை மற்றவர்களைவிடப் பரிதாபமானது. ஆண்டு விழா நடத்தி அவனை அழைப்பதற்கு அவனுடைய படையே இல்லாமற் போயிற்று.

இத்தனைக்கும் அந்த முதல் யுத்தத்தில் தென்னாட்டுப் படையினர் செய்த சேவை சிறியதன்று. பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய பட்டாளம் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காக் கரையில் இறங்கியது. ஸாப்பர்கள் மெசபடோமியாவின் ஆறுகளுக்குப் பாலம் கட்டினார்கள். கர்நாட்டிக் என்னும் பெயரைக் கொண்ட பட்டாளங்கள் பாலைவனத்தில் காவல் காத்தன. இந்தியா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய பதின்மூன்று லட்சம் பேர் கடல் கடந்து சென்றார்கள். எழுபத்து நாலாயிரம் பேர் மாண்டார்கள். யுத்தம் முடிந்த பின்னர்ச் சர்க்கார், ஆள் கொடுத்த ஊர்களில் ஒரே வாசகம் பொறித்த கற்பலகைகளைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் அந்தப் பலகைகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் காணலாம். திருச்சியில் காந்தி மார்க்கெட் அருகிலுள்ள மணிக்கூண்டு அத்தகைய நினைவுச் சின்னமே. காய்கறி மூட்டைகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் அதனைக் கடந்து செல்லும் பல்லாயிரம் பேரில், மணி பார்க்கிறவர்கள் உண்டு. அடியிலுள்ள எழுத்தை வாசிக்கிறவர்கள் மிகச் சிலரே.

அந்தப் பலகையின் முன்னே நின்று, சென்றவர்களின் தொகையிலிருந்து மாண்டவர்களின் தொகையைக் கழித்துப் பார்க்கிறவனுக்கு ஒரு மூன்றாம் எண் கிடைக்கும். பலகை அதனைச் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குள் அடங்கியவர்கள்தாம் திரும்பி வந்தவர்கள்: பாஸ்ராவின் காய்ச்சலை உடம்பில் சுமந்துகொண்டு வந்தவர்கள், வந்த வேகத்தில் 1918ஆம் ஆண்டின் விஷ ஜுரத்துக்குத் தம் வீட்டாரைப் பறிகொடுத்தவர்கள், மழை பொய்த்த நிலத்தில் மீண்டும் ஏர் பூட்டியவர்கள். மாண்டவனுடைய பெயரும் அக்கற்களில் பெரும்பாலும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் மாண்டவன் ஓர் எண்ணாகவேனும் வணங்கப்பட்டான். மீண்டவனைப் பற்றிக் கல்லும் பேசவில்லை; அந்நிய சர்க்காருக்காகப் போர் புரிந்தவன் என்பதனால், சுதந்திர இயக்கம் வலுத்துவந்த நாட்களில், ஊராரும் அவனைப் பற்றி உரக்கப் பேசத் தயங்கினார்கள்.

1919இல் இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு என்னும் ஸ்தாபனம் அமைக்கப்பட்டது முதலாகவே, மீண்டவர்களின் நலனைக் கவனிக்கச் சர்க்கார் தரப்பில் ஒரு நிரந்தர ஏற்பாடு உண்டாயிற்று. 1951இல் கடற்படையினரையும் விமானப்படையினரையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு, 1975இல் கேந்திரிய சைனிக் போர்டு என்று மாறிய அந்த ஸ்தாபனத்தின் கிளைபோலவே மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இயங்குகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி, கொடிநாளன்று, பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் குத்தப்படும் அந்தச் சிறிய காகிதக் கொடிக்கு 1949 முதல் சரித்திரம் உண்டு. உண்டியலில் சேரும் காசு விதவைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் வயோதிக வீரர்களுக்கும் போய்ச் சேருகிறது. கொடியை வாங்கிக்கொண்ட பிள்ளைக்குத் தன் தெருவிலேயே அந்தக் கொடிக்கு உரிய ஒருவர் வசிக்கிறார் என்பதை ஆசிரியர் எடுத்துச் சொன்னால் அந்த நாள் எவ்வளவோ பொருளுடையதாகும்.

இரண்டாம் உலக யுத்தம் தென்னாட்டாருக்கு உதவாதவர்கள் என்று சூட்டப்பட்டிருந்த பெயரை ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. ஆள் தேவைப்பட்டபோது சித்தாந்தம் கைவிடப்பட்டு, மதறாஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. அந்த யுத்தத்துக்கு ஆள் கொடுத்த மாகாணங்களில் பஞ்சாபுக்கு அடுத்த இடத்தில் நின்றது சென்னை. இந்தியச் சேனை முழுவதும் இருபத்தைந்து லட்சமாகப் பெருகி, எண்பத்தேழாயிரம் பேரைப் பலி கொடுத்து, ஜப்பான் சரணடைந்த மறு ஆண்டிலேயே வேகமாகச் சுருக்கப்பட்டது. சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும் என்னும் விதி, நாலைந்து ஆண்டுகள் பர்மாக் காடுகளில் பாதை வெட்டி வந்தவனை வெறுங்கையனாக வீட்டுக்கு அனுப்பியது. ஒரு டிரங்குப் பெட்டி, சில பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம் ஆகியவற்றோடு ரயிலிறங்கியவர்கள் பலர். அதே ரயிலில், மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்து சிறைப்பட்டு மீண்ட தமிழர்களும் வந்து இறங்கியிருக்கக்கூடும். 1972இல், சுதந்திர வெள்ளிவிழாவின்போது, சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குத் தாமிரப் பட்டயமும் பென்ஷனும் அளிக்கப்பட்டன. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதற்கு உரியவர்கள் ஆனார்கள். பர்மாப் போர்முனையின் மறுகரையில், பிரிட்டிஷார் பக்கம் நின்றவருக்கு மாநில அரசின் மாதாந்திர உதவி கிடைத்தபோது, அவருடைய தோழர்களில் எத்தனையோ பேர் காலமாகிவிட்டிருந்தார்கள். இருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பேசக் கேட்கும் பாக்கியம் இனி நமக்கு அநேகமாக வாய்க்கப்போவதில்லை என்பதை நினைக்கும்தோறும் நான் வருந்துகிறேன். ஒரு தலைமுறையின் இருதயம் எவ்விதம் இரண்டாகப் பிளந்திருந்தது என்பதற்கு அவர்களைக் காட்டிலும் வேறு சாட்சி ஏது?

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த யுத்தங்களில் வெற்றியும் தோல்வியும் கலந்தே இருந்தன. மீண்டு வந்தவனுக்கு ஊர் அளித்த வரவேற்பும் அவற்றைப் பொறுத்தே இருந்தது. 1962இல் வடகிழக்கு எல்லைப் பனியில் பின்வாங்கியவர்கள் தலை குனிந்து வந்தார்கள். 1971 டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பின்னர் வந்தவர்களுக்கு மாலை விழுந்தது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் பணிபுரிந்தவர்களின் வரலாறு எல்லாவற்றினும் சிக்கலானது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேரை இழந்து, 1990 மார்ச் மாதத்தில் அப்படையின் கடைசிப் பகுதி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அதனை வரவேற்கச் செல்லவில்லை. ஈழத் தமிழர் அடைந்த துயரத்தைக் கண்டு தமிழ்நாடு கொதித்திருந்த நேரம் அது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்ததை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சென்ற தமிழ்ச் சிப்பாய், தன் தாய்மொழி பேசுகிறவர்களின் ஊர்களில் தான் கண்டவற்றை யாரிடமும் சொல்ல இயலாமல், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அவனும் இன்று வயோதிகத்தின் வாசற்படியில் நிற்கிறான். தீர்ப்புக் கூறுவதற்கு முன்னே அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாண்டவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையோ குறைந்துவிடவில்லை. கார்கில் யுத்தத்தில், 1999 மே மாத இறுதியில், படாலிக் சிகரங்களில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் மாண்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்களில் ஒருவரான சிவச்சந்திரன், அரியலூர் மாவட்டத்துக் கார்குடியைச் சேர்ந்தவர். அவருடைய உடல் வந்த நாளில் சுற்றுவட்டாரமே திரண்டு கண்ணீர் பெருக்கியது. அதே மாதம் 25ஆம் தேதி டில்லியில் திறக்கப்பட்ட தேசிய யுத்த நினைவிடத்தில், 1947க்குப் பிறகு உயிர் நீத்த இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் யுத்தத்துக் கற்பலகையில் எண்ணாக நின்றவன் இங்கே பெயர் பெற்றான். நூறாண்டுகளில் நிகழ்ந்த இந்த மாறுதல் மிகவும் போற்றத் தக்கது.

மீண்டவரின் அன்றாட வாழ்வு வேறு விதமாகச் செல்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அவருக்குப் பட்டாளத்தார் என்றோ மிலிட்டரிக்காரர் என்றோ பெயர். அவருடைய வீடு மிலிட்டரி வீடு. அவர் ஹவில்தாராகவோ சுபேதாராகவோ ஓய்வு பெற்றிருந்தால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தப் பதவிப் பெயர் வீட்டை விட்டு நீங்காது. விடியற்காலையில் நடக்கப் போவது, சட்டையைத் தேய்த்து உடுத்துவது, ஊர்க் கூட்டத்தில் நேரம் தவறினால் கோபிப்பது ஆகிய பழக்கங்களால் அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். பாங்கியிலோ பள்ளியிலோ காவற்பணி கிடைத்தால் அறுபது வயதுக்கு மேலும் பார்ப்பார். பென்ஷன் தொடர வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை, நவம்பர் மாதத்தில், தாம் உயிரோடு இருப்பதாக ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்க் கையெழுத்திட்டார். இப்போது விரல் ரேகையைக் கருவியில் பதிக்கிறார். தேய்ந்துபோன விரலைக் கருவி ஏற்காதபோது பேரனை அழைத்துக்கொண்டு மறுபடியும் போகிறார். கணக்குக்கு அது அவசியமான ஏற்பாடுதான். இருந்தாலும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுக்கொரு முறை விசாரிக்கும் பொறுப்பைக் கருவூலத்திடம் மட்டும் ஊர் ஒப்படைத்துவிடுவது சரியாகுமா?

பழைய காவற் சடங்கைப் புதிய கோலத்தில் மீட்பதற்கு நம்முடைய பஞ்சாங்கமே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. இந்தியச் சேனையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953 ஜனவரி 14ஆம் தேதி ஓய்வு பெற்றார். அந்தத் தேதியை 2016ஆம் ஆண்டிலிருந்து முன்னாள் படைவீரர் தினமாக முப்படைகளும் கொண்டாடிவருகின்றன. நகரங்களில், கண்டோன்மென்ட் மைதானங்களில், அதிகாரிகளின் முன்னிலையில் நடைபெறும் அந்த விழா கிராமத்துக்கு வந்து சேருவதில்லை. வருவதற்கு அவசியமும் இல்லை. அதே தேதியில், அல்லது அதற்கு மறுநாளில், தைப்பொங்கல் வந்துவிடுகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்கும் நாட்கள் அவை. காணும் பொங்கலன்று பெரியவர்களின் வீடு தேடிச் சென்று காலில் விழுந்து ஆசி பெறுவது நம்முடைய சம்பிரதாயம். உறியடிக்கும் கபடிக்கும் பரிசு வழங்க அரசியல்வாதியைத் தேடியலையும் இளைஞர் மன்றத்தார், அந்தப் பரிசைத் தங்கள் ஊர்ப் பட்டாளத்தாரின் கையால் வழங்கச் செய்யலாம்; மேடைக்கு வர முடியாதவரின் வாசலுக்குப் பரிசு பெற்றவர்களையே அழைத்துச் செல்லலாம். சில ஊர்களில் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்துக் கொடியை அவரைக் கொண்டு ஏற்றுவிக்கும் நல்ல வழக்கம் இருக்கிறது. அதனைத் தொடங்கிய தலைமையாசிரியர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பொங்கல் கழிந்து பத்து நாட்களில், ஜனவரி 26ஆம் தேதி, ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. ஊரிலிருந்து படையில் சேர்ந்தவர்கள் யார், எந்தப் பட்டாளத்தில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு பதிவேடு எழுதி, பிறப்பு இறப்புக் கணக்கோடு ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்வதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. 1962இல் போருக்குச் சென்றவருக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. 1971இல் இருபது வயதுடையவராயிருந்தவர் எழுபதைத் தாண்டிவிட்டார். வேப்பந்தட்டை அரசுக் கல்லூரியின் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடும் கைபேசியோடும் சுற்றுவட்டாரத்துக்குப் புறப்பட்டால், ஒரு விடுமுறைக்குள் பல கிராமங்களைப் பார்த்துவிட முடியும். ஆள் எடுப்புக்கு எந்த ஊருக்கு நடந்து போனார், பயிற்சிக்குச் சென்ற வெலிங்டனிலோ பெங்களூரிலோ முதல் மாதம் எப்படிக் கழிந்தது, இந்தி தெரியாமல் எவ்வாறு சமாளித்தார், வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் யார், யுத்தம் மூண்ட செய்தி எங்கே வந்து சேர்ந்தது, உடனிருந்தவர்களில் திரும்பாதவர் எவர், திரும்பி வந்த அன்று பேருந்து நிறுத்தத்தில் யார் காத்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்கலாம். காது மந்தமானவரிடம் அருகில் அமர்ந்து மெதுவாகக் கேட்க வேண்டும். அவர் மௌனமாகும் இடங்களில் வற்புறுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சம்மதித்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு அதனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.